தாழக் கட்டிய ஒயர்: பக்கத்து ஊர்களைப் பிடிக்க ஓர் எளிய ஆண்டெனா

ஹாம் ரேடியோவுக்கு, அதாவது உரிமம் பெற்றுப் பொழுதுபோக்காகப் பேசும் அமெச்சூர் வானொலிக்கு, புதிதாக வருகிறவர்கள் ஒரு கட்டத்தில் திகைத்து நிற்பார்கள். 3000 கிலோமீட்டருக்கு அப்பால் இருப்பவர் பேசுவது பக்கத்து அறையில் பேசுவதுபோலக் கேட்கும். 150 கிலோமீட்டரில் இருக்கும் நண்பரைக் கூப்பிட்டால் வெறும் இரைச்சல்தான். செட்டில் கோளாறு இல்லை, நண்பர் பக்கமும் கோளாறு இல்லை. உங்கள் ஆண்டெனா அலையை எந்தக் கோணத்தில் அனுப்புகிறது என்பதுதான் சங்கதி.

ஆண்டெனாவிலிருந்து கிளம்பும் அலைக்கு இரண்டு வழிகள் உண்டு. ஒன்று தரையை ஒட்டிப் போவது. 7 மெகாஹெர்ட்ஸில் அது சில பத்து கிலோமீட்டரிலேயே களைத்துவிடும். நடுவில் மலை இருந்தால் அதற்கும் முன்பே. இன்னொன்று வானத்துக்குப் போய், மேல் வளிமண்டலத்தில் மின்னேற்றம் பெற்ற பகுதியான அயனி மண்டலத்தில் பட்டுத் திரும்பி வருவது. இது அடிவானத்தை ஒட்டிச் சாய்வாகக் கிளம்பினால் வெகுதூரம் போய்த்தான் இறங்கும். தரை அலை தீர்ந்த இடத்துக்கும் வான் அலை இறங்கும் இடத்துக்கும் நடுவே ஒன்றுமே கேட்காத ஒரு வளையம் விழுகிறது. ஹாம்கள் அதை ஸ்கிப் ஸோன் என்பார்கள். உங்கள் நண்பர் அந்த வளையத்துக்குள் உட்கார்ந்திருக்கிறார்.

இருட்டு அறையில் டார்ச்சைச் சுவரை நோக்கி அடித்துப் பாருங்கள். எதிர்ச்சுவரில் ஒரு வட்டம் பளிச்சென்று விழும். பீரோவுக்குப் பின்னால் கும்மிருட்டுதான். அதே டார்ச்சை வெள்ளைக் கூரையை நோக்கித் திருப்பினால் அறை முழுக்க மெல்லிய வெளிச்சம் பரவும், பீரோவுக்குப் பின்னாலும்கூட. நாம் செய்யப்போவது அதேதான். அலையை ஏறக்குறைய செங்குத்தாக மேலே அனுப்பி, அயனி மண்டலம் என்ற கூரையில் பட்டு நம்மைச் சுற்றியே இறங்கும்படி செய்வது. ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகளைச் சேர்த்து இதை என்.வி.ஐ.எஸ். என்கிறார்கள். இதற்கு உயரமான கோபுரமோ விலை கூடிய ஆண்டெனாவோ தேவையில்லை. 20 மீட்டர் ஒயரைத் தாழ்வாகக் கட்டினால் போதும். உயரம் கூடக்கூட நல்லது என்றே கேட்டுப் பழகியவர்களுக்கு இதை நம்பக் கொஞ்சம் நேரம் ஆகும்.

நேர் மேலே அனுப்பிய அலை திரும்பி வருமா என்பது வெகு காலத்துக்கு முன்பே சோதித்துப் பார்த்த விஷயம். 1925-ல் கிரெகரி பிரைட், மெர்ல் டூவ் என்ற இரண்டு அமெரிக்க இயற்பியலாளர்கள் குட்டிக் குட்டி ரேடியோத் துடிப்புகளை மேலே அனுப்பி, எதிரொலி எவ்வளவு நேரம் கழித்து வருகிறது என்று அளந்தார்கள். அந்த நேரத்தை வைத்து மேலே இருக்கும் அடுக்கின் உயரத்தைக் கணக்கிட்டார்கள். அயனி மண்டலத்தில் நமக்கு வேண்டிய எஃப்2 என்ற அடுக்கு ஏறத்தாழ 250 முதல் 400 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கிறது. 300 என்று வைத்துக்கொண்டால், போய் வர 600 கிலோமீட்டர். ஒளியின் வேகத்தில் 2 மில்லி விநாடி.

இந்த 300-ஐ வைத்து ஒரு சின்னக் கணக்குப் போடலாம். நண்பர் 100 கிலோமீட்டரில் இருந்தால், அலை மேலேறி வளைந்து அவரிடம் இறங்குவதற்குள் சுமார் 608 கிலோமீட்டர் பயணம் செய்கிறது. அவர் 400 கிலோமீட்டரில் இருந்தால் சுமார் 721. தரையில் தூரம் நான்கு மடங்கு கூடியிருக்கிறது, அலையின் பாதையோ ஐந்தில் ஒரு பங்குகூடக் கூடவில்லை. தூரத்தால் அலையின் பலத்தில் வரும் வித்தியாசம் ஒன்றரை டெசிபல்தான். வரும் அலையின் பலத்தைச் செட்டில் காட்டும் எஸ் மீட்டரில் ஒரு புள்ளி என்பது 6 டெசிபல், ஆகவே முள்ளில் இது தெரியவே தெரியாது. இந்த முறையில் பேசும்போது 100 கிலோமீட்டர்க்காரரும் 400 கிலோமீட்டர்க்காரரும் ஏறக்குறைய ஒரே பலத்தில் கேட்பதற்கு இதுதான் காரணம். நடுவில் மலை இருந்தாலும் கவலையில்லை. 200 கிலோமீட்டரில் இருப்பவரை எட்ட அலை 70 டிகிரிக்கு மேல் நிமிர்ந்து கிளம்புகிறது. எந்த மலை அதை மறிக்கும்? பள்ளத்தாக்குக்குள் உட்கார்ந்து பேசுகிறவர்களும், பேரிடர் நேரத்தில் சுற்றுவட்டாரம் முழுவதையும் ஒரே வலையில் இணைக்க நினைக்கிறவர்களும் இந்த ஆண்டெனாவை விரும்புவது இதனால்தான்.

ஏன் தாழ்வாக?

இந்தக் கட்டுரையில் ஒரு பகுதியை மட்டும் நிதானமாகப் படியுங்கள் என்றால் இதைத்தான் சொல்வேன். தரைக்கு இணையாகக் கட்டிய ஒயர் மேலேயும் அலை அனுப்புகிறது, கீழேயும் அனுப்புகிறது. கீழே போனது தரையில் பட்டுத் திரும்புகிறது. திரும்பும்போது அலை தலைகீழாகிவிடுகிறது, மேடு இருந்த இடத்தில் பள்ளம். இப்போது ஒயர் கால் அலைநீள உயரத்தில் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். தரைக்குப் போய் வர அரை அலைநீளம் ஆகிறது. அந்த அரை அலைநீளத் தாமதம் தலைகீழானதை மறுபடி நிமிர்த்திவிடுகிறது. நேராக மேலே போன அலையும் தரையில் பட்டு வந்த அலையும் கைகோத்துக்கொண்டு வானத்துக்கு ஏறுகின்றன.

அதே ஒயரை அரை அலைநீள உயரத்துக்கு ஏற்றினால் என்ன ஆகும்? போய் வர ஒரு முழு அலைநீளம். தாமதத்தால் எந்த மாற்றமும் இல்லை, தலைகீழானது தலைகீழாகவே வந்து சேர்கிறது. உச்சியை நோக்கி இரண்டும் ஒன்றையொன்று அழித்துவிடுகின்றன. பலமெல்லாம் பக்கவாட்டில் தாழ்ந்த கோணத்துக்குப் போய்விடுகிறது. தூரதேசத்துக்குப் பேச அது அருமையான ஆண்டெனா, பக்கத்து ஊருக்கு உதவாது. நட்டுவைத்த செங்குத்து ஆண்டெனாவும் அப்படித்தான். அதன் தலைக்கு நேர் மேலே ஏறக்குறைய ஒன்றுமே போகாது.

7 மெகாஹெர்ட்ஸ் பக்கத்து அதிர்வெண்களை அவற்றின் அலைநீளத்தை வைத்து 40 மீட்டர் பேண்ட் என்பார்கள். அதில் கால் அலைநீளம் என்பது சுமார் 10 மீட்டர். அவ்வளவு உயரமும் தேவையில்லை. 5 முதல் 8 மீட்டர் வரை இருந்தாலே நன்றாக வேலை செய்யும். அதற்காக ஆள் உயரத்தில் கட்டிவிடாதீர்கள். 3 மீட்டருக்குக் கீழே போகப்போக மண் அலையை உறிஞ்சத் தொடங்கும், சக்தி சூடாக வீணாகும். தாழ்வாகக் கட்டுவதில் இன்னொரு லாபமும் உண்டு: வெகுதூரத்து இடி மின்னலின் கரகரப்பு பெரும்பாலும் தாழ்ந்த கோணத்தில்தான் வருகிறது, அது இந்த ஆண்டெனாவுக்குக் குறைவாகவே கேட்கும். எந்தத் திசையில் கட்டுவது என்ற கேள்விக்கும் பெரிய முக்கியத்துவம் இல்லை. டைபோல், அதாவது நடுவில் வெட்டி இரண்டு கைகளாக நீட்டிய இந்த ஒயர், இந்த உயரத்தில் எல்லாத் திசைக்கும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் வேலை செய்யும். இடம் எப்படி இருக்கிறதோ அப்படிக் கட்டுங்கள்.

எந்த பேண்டில்?

நேர் மேலே போகும் அலைக்கு ஒரு வரம்பு உண்டு. அதிர்வெண் அந்த வரம்பைத் தாண்டினால் அலை திரும்பாது, அயனி மண்டலத்தைத் துளைத்துக்கொண்டு விண்வெளிக்குப் போய்விடும். இதை மாறுநிலை அதிர்வெண் என்பார்கள். வெயில் ஏற ஏற இது உயரும், விடியலுக்குச் சற்று முன் அடிமட்டத்துக்கு இறங்கும். சூரியனில் கரும்புள்ளிகள் மிகுந்த ஆண்டுகளில் மொத்தமாகவே கூடுதலாக இருக்கும்.

அப்படியானால் அதிர்வெண்ணை எவ்வளவு குறைத்தாலும் நல்லதா என்றால், இல்லை. பகலில் எஃப்2-வுக்குக் கீழே டி அடுக்கு என்று ஒன்று உருவாகிறது. அது அலையைத் திருப்பாது, விழுங்கும். அதிர்வெண் குறையக் குறைய அதிகமாக விழுங்கும். பொழுது சாய்ந்ததும் மறைந்துவிடும். ஆகவே பகலில் 40 மீட்டர், இரவில் 80 மீட்டர் (3.5 மெகாஹெர்ட்ஸ் பக்கம்) என்பது நடைமுறை வழக்கம். இரண்டுக்கும் நடுவே 60 மீட்டர் பேண்ட் இருக்கிறது. 2015 உலக வானொலி மாநாட்டில் 5351.5 முதல் 5366.5 கிலோஹெர்ட்ஸ் வரை 15 கிலோஹெர்ட்ஸ் அகலத்தில் ஒரு சின்னத் துண்டு அமெச்சூர்களுக்குக் கிடைத்தது. இந்த வேலைக்கு அளவெடுத்துத் தைத்த மாதிரியான அதிர்வெண் அது. ஆனால் உங்கள் உரிமம் அதை அனுமதிக்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

முதல் ஆண்டெனாவுக்கு 40 மீட்டரையே எடுத்துக்கொள்வோம். 7.0 முதல் 7.2 மெகாஹெர்ட்ஸ் வரை உலகின் எல்லா வட்டாரங்களிலும் அமெச்சூர்களுக்கு ஒதுக்கப்பட்டது.

ஒயர் எவ்வளவு?

300-ஐ மெகாஹெர்ட்ஸால் வகுத்தால் அலைநீளம் மீட்டரில் கிடைக்கும். 7.1-க்கு 42.25 மீட்டர், அதில் பாதி 21.1. ஆனால் ஒயரின் முனைகளில் ஏற்படும் விளைவால் சுமார் 5 சதவீதம் குறைத்துக்கொள்ள வேண்டும். இதையெல்லாம் சேர்த்துத்தான் 143-ஐ மெகாஹெர்ட்ஸால் வகுக்கும் பழைய சூத்திரம் வந்தது. 143-ஐ 7.1-ஆல் வகுத்தால் 20.1 மீட்டர். அதை நடுவில் வெட்டினால் ஒரு கைக்கு 10 மீட்டர் சொச்சம். பிளாஸ்டிக் உறை போட்ட ஒயராக இருந்தால் இன்னும் இரண்டு மூன்று சதவீதம் குறையும். தரைக்கு அருகில் இருப்பதும், கைகள் சாய்ந்திருப்பதும் தேவையான நீளத்தைக் கொஞ்சம் மாற்றும். அதனால் சூத்திரத்தை நம்பிச் சரியாக வெட்ட வேண்டாம். ஒவ்வொரு கையையும் 10.3 மீட்டருக்கு வெட்டி, முனையில் கட்டுவதற்கென்று அரை அடி கூடுதலாக விட்டுக்கொள்ளுங்கள். வெட்டியதை ஒட்டுவது தொல்லை. நீளமாக இருப்பதை மடிப்பது சுலபம்.

முக்கால் அல்லது ஒரு சதுர மில்லிமீட்டர் தடிமனுள்ள, பல இழை கொண்ட சாதாரண மின் ஒயரே போதும். ஒற்றைக் கம்பி ஒயர் வேண்டாம். சுருட்டிப் பிரித்துச் சுருட்டிப் பிரித்து ஒரு நாள் உள்ளுக்குள்ளேயே ஒடிந்திருக்கும், வெளியே தெரியாது.

நடுவில் இரண்டு கைகளும் செட்டிலிருந்து வரும் கேபிளும் சந்திக்கும் இடம்தான் மிகவும் அடிபடும் இடம். உள்ளங்கை அளவு தடித்த பிளாஸ்டிக் துண்டு ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். மேலே கயிறு கட்ட ஒரு துளை. இருபுறமும் ஒயருக்கு இரண்டிரண்டு துளைகள். ஒயரை ஒரு துளையில் உள்ளே விட்டு அடுத்த துளையில் வெளியே எடுத்த பிறகே பற்றவைக்க வேண்டும். அப்போது இழுவை முழுவதும் பிளாஸ்டிக்கில் விழும், ஈயப் பற்றில் விழாது. கேபிளையும் கீழே இரண்டு துளைகளில் டேக் போட்டு இறுக்கிவிடுங்கள். கோஆக்ஸ் கேபிளின் நடுக் கம்பி ஒரு கைக்கு, வலைப்பின்னல் இன்னொரு கைக்கு. எந்தக் கைக்கு எது என்பது முக்கியமில்லை. பிரிந்து நிற்கும் கேபிள் வாயில் மட்டும் ஒரு சொட்டு நீர்கூடப் போகக் கூடாது. வலைப்பின்னல் விளக்குத் திரி மாதிரி நீரை உறிஞ்சி மீட்டர் கணக்கில் உள்ளே இழுத்துக்கொள்ளும். பசை கொண்ட ஹீட் ஷ்ரிங்க் (சூடாக்கினால் சுருங்கிப் பிடிக்கும் குழாய்), அல்லது நன்றாகப் பூசிய சிலிகான் இதைத் தடுக்கும்.

கேபிளுக்கு ஆர்.ஜி.-58 போதும். 10 மீட்டர் நீளத்துக்கு இந்த அதிர்வெண்ணில் அரை டெசிபல்கூட இழப்பு வராது.

அப்புறம் சோக், கேபிளின் வெளிப்புறத்தில் ஓடும் மின்னோட்டத்தைத் தடுக்கும் சுருள். டைபோல் இருபுறமும் சமமான ஆண்டெனா, கோஆக்ஸ் அப்படி இல்லை. இரண்டையும் அப்படியே சேர்த்தால் மின்னோட்டத்தின் ஒரு பகுதி கேபிளின் வெளிப்புறத் தோலில் ஏறி, செட் வரைக்கும் இறங்கி வரும். கேபிளைக் கையால் தொட்டால் மீட்டர் முள் நகர்கிறதா, மைக்கில் உதடு பட்டால் சுரீரென்கிறதா, அதுதான் இது. எஃப்.டி.240-43 என்ற ஃபெரைட் வளையத்தில் கேபிளைப் பத்துச் சுற்று சுற்றி, நடுத்துண்டுக்குக் கீழே தொங்கவிட்டால் அடங்கிவிடும். இது இல்லாமலும் ஆண்டெனா வேலை செய்யும் என்று பலர் சொல்வார்கள், செய்யவும் செய்யும். ஆனால் கேபிளும் ஆண்டெனாவாக மாறிவிட்டால், அது சுற்றியுள்ள சார்ஜர், எல்.இ.டி. விளக்கு எல்லாவற்றின் இரைச்சலையும் அள்ளிக்கொண்டு வரும். மெல்லிய குரல்களைக் கேட்கத்தானே இத்தனை பாடு. நான் சோக் இல்லாமல் கட்டுவதில்லை.

கட்டுவது

ஒரே ஒரு கம்பம் இருந்தால் போதும். நடுவை உச்சியில் தூக்கி, இரண்டு கைகளையும் கூடாரம்போலச் சாய்த்துவிட்டால் அது தலைகீழ் வி. ஒன்றுக்குள் ஒன்று நுழைந்து நீளும் ஃபைபர் கிளாஸ் கம்பம் இதற்கு நல்லது. கார்பன் கலந்த தூண்டில் கம்பு வேண்டாம், அது மின்சாரம் கடத்தும். மரம் கிடைத்தால் இன்னும் சுலபம்: 300 கிராம் மணல் அடைத்த சிறு பையில் மெல்லிய நூலைக் கட்டிக் கிளைக்கு மேலே எறிந்து, அந்த நூலால் கயிற்றை இழுத்துக்கொள்ளலாம்.

அளவுகளைக் கணக்கிட்டுப் பார்ப்போம். உச்சி 7.5 மீட்டரில், இரண்டு கைகளுக்கும் நடுவே 120 டிகிரி. 10 மீட்டர் கை அந்தச் சாய்வில் 5 மீட்டர் இறங்கி, முனை தரையிலிருந்து 2.5 மீட்டரில் நிற்கும். அதே சாய்வில் கயிறு 5 மீட்டர் நீண்டு முளைக்குப் போகும். முளையைக் கம்பத்தின் அடியிலிருந்து 13 மீட்டரில் அடிக்க வேண்டும். ஆக, ஒரு முளையிலிருந்து மறு முளைக்கு 26 மீட்டர் இடம் வேண்டும். கம்பத்தை இரண்டு பக்கம் ஒயரே பிடித்துக்கொள்ளும், மற்ற இரண்டு பக்கத்துக்கு மட்டும் கயிறு. நைலான் கயிறு நனைந்தால் நீளும். பாலியெஸ்டர் அவ்வளவு நீளாது.

முனை 2.5 மீட்டரில் நிற்பதற்கு ஒரு காரணம் இருக்கிறது. டைபோலின் நடுவில் மின்னோட்டம் அதிகம், முனையில் மின்னழுத்தம் அதிகம். 100 வாட்டில் பேசும்போது முனையில் நூற்றுக்கணக்கான வோல்ட் இருக்கும், தொட்டவர் கை சுட்டுப் புண்ணாகும். யாருடைய கையும் எட்டாத உயரம் வேண்டும், குழந்தைகள் விளையாடும் இடமென்றால் இன்னும் கவனம் வேண்டும்.

மின்கம்பி விஷயத்தில் எந்தச் சமாதானமும் கிடையாது. கம்பம் எந்தப் பக்கம் விழுந்தாலும், ஒயர் அறுந்து எந்தப் பக்கம் பறந்தாலும் மின்கம்பியைத் தொடாத இடத்தில்தான் கட்ட வேண்டும். கயிறு எறிவதற்கு முன்பு நின்று அண்ணாந்து ஒரு சுற்றுப் பாருங்கள். தூரத்தில் இடி கேட்டால் செட்டைக் கழற்றி, ஒயரை இறக்கிவிடுங்கள்.

சரி செய்வது

இப்போது எஸ்.டபிள்யூ.ஆர். பார்க்கலாம். செட் அனுப்பும் சக்தியில் எவ்வளவு ஆண்டெனாவில் சேராமல் திரும்புகிறது என்பதைச் சொல்லும் எண் அது. 1 என்றால் எதுவும் திரும்பவில்லை. 1.5 என்றால் 4 சதவீதம், 2 என்றால் 11 சதவீதம், 3 என்றால் 25 சதவீதம். 1.5-க்குக் கீழே வந்துவிட்டால் அதற்கு மேல் மெனக்கெடுவது வீண். 1.1-ஐத் தேடி ஒரு மாலை முழுவதையும் செலவழிப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். எதிர்முனையில் கேட்பவருக்கு அந்த வித்தியாசம் காதில் விழாது.

ஆண்டெனா அனலைசரோ, செட்டிலேயே உள்ள மீட்டரோ இருந்தால் குறைந்த சக்தியில் அளந்து, எண் எந்த அதிர்வெண்ணில் மிகக் குறைவாக இருக்கிறது என்று தேடுங்கள். உதாரணத்துக்கு, மொத்தம் 20.6 மீட்டர் ஒயருக்கு அந்தக் குழி 6.85-ல் விழுகிறது என்று வைத்துக்கொள்வோம். (அமெச்சூர் பேண்டுக்கு வெளியே இருப்பதால் அங்கே அனலைசரால் மட்டும் அளக்க வேண்டும், செட்டால் அனுப்பிப் பார்க்கக் கூடாது.) குழி தாழ்ந்திருந்தால் ஒயர் நீளம் என்று அர்த்தம். 20.6-ஐ 6.85-ஆல் பெருக்கி 7.1-ஆல் வகுத்தால் 19.87 மீட்டர். ஆக மொத்தம் 73 சென்டிமீட்டர், ஒரு கைக்கு 36 குறைய வேண்டும். ஒரே மூச்சில் 36-ஐயும் குறைக்காமல், முதலில் 30 சென்டிமீட்டரை முனையில் பின்னால் மடித்து, ஒயரோடு ஒயராக நெருக்கமாக முறுக்கி, மறுபடி உயர்த்தி அளந்து பாருங்கள். இரண்டு கைகளும் சமமாகக் குறைய வேண்டும். மடித்ததை நான் வெட்டாமல் அப்படியே விட்டுவிடுவேன். அடுத்த முறை ஈர மண்ணிலோ வேறு உயரத்திலோ கட்டும்போது குழி கொஞ்சம் நகரும், அப்போது மடிப்பை அவிழ்த்துச் சரிசெய்துகொள்ளலாம்.

சுருட்டும்போது மட்டும் பொறுமை வேண்டும். வட்டமாகச் சுற்றினால் அடுத்த தடவை பிரிக்கும்போது சிக்கும். ஓர் அட்டையில் எட்டு வடிவத்தில் சுற்றினால் முறுக்கு ஏறாது, இழுத்தால் தானாகப் பிரிந்து வரும்.

பொழுது சாய்ந்த பிறகு

மாலையில் கொஞ்ச நேரம் பேசாமல் கேட்டுக்கொண்டிருங்கள். மதியம் முழுக்கப் பலமாக இருந்த பக்கத்து ஊர்க் குரல்கள் ஒவ்வொன்றாகத் தேயும். முதலில் மிக அருகில் இருப்பவர் மறைவார், பிறகு சற்றுத் தள்ளி இருப்பவர். அவர்கள் போன இடத்தில் தூரத்துக் குரல்கள் எழும். செட் பழுதாகவில்லை, மாறுநிலை அதிர்வெண் 7-க்குக் கீழே இறங்கிவிட்டது, நேர் மேலே போன அலை துளைத்துக்கொண்டு போகிறது. சாய்வாகப் போவது மட்டும் திரும்புகிறது. எந்தக் கருவியும் இல்லாமல், காதாலேயே வானத்தை அளந்துவிடலாம்.

அப்போது 80 மீட்டருக்கு இறங்க வேண்டும். அதற்காக இன்னொரு ஆண்டெனா தேவையில்லை. 3.6 மெகாஹெர்ட்ஸுக்கு மொத்த நீளம் 39.7 மீட்டர், ஒரு கைக்கு சுமார் 19.9. நம் கையின் முனையில் ஒரு சின்ன பிளாஸ்டிக் துண்டு வைத்து, அதற்கு அப்பால் கிட்டத்தட்ட 10 மீட்டர் ஒயரைக் கட்டி, நடுவில் முதலைக் கிளிப்போ தோட்டா இணைப்பியோ போட்டுவிட்டால், இணைத்தால் 80, பிரித்தால் 40. முதலில் கிளிப்பைப் பிரித்து 40-ஐச் சரிசெய்யுங்கள், பிறகு இணைத்து 80-ஐ. வரிசை மாறினால் இரண்டும் கலையும். நீண்ட கைகள் அதே சாய்வில் தரையைத் தொட்டுவிடும். அதனால் கம்பத்தை உயர்த்தவோ, கைகளை இன்னும் விரித்து, முனைகளை மரத்திலோ சிறு கம்பிலோ ஆள் எட்டாத உயரத்தில் தாங்கவோ வேண்டியிருக்கும்.

செட்டை அணைத்துவிட்டு முனைகளை இறக்கி, இரண்டு கிளிப்பையும் மாட்டி, மறுபடி இழுத்துக் கட்டுங்கள். 3.6 பக்கம் திருப்பினால், ஒரு மணி நேரம் முன்பு 40-ல் தேய்ந்துபோன அதே பக்கத்து ஊர் நண்பர் அங்கே பேசிக்கொண்டிருப்பார்.